கொத்தனாருக்குத் திறந்த கதவு

பினாங்கிலிருந்து பாண்டிச்சேரிக்கு நான் வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அக்காவின் முகத்தைப் போனில் அம்மாவுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்தக் காலத்தில் அதற்குக் கடல் தாண்டி வர வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். அக்கா இருப்பது அடைப்பு மடத்தில். உள்ளே போன கன்னியாஸ்திரி சாகும்வரை வெளியே வராத மடம். செத்தாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள், உள்ளேயே தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள். போன் கிடையாது, படம் கிடையாது. கடிதம் போட்டால் தலைவி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அம்மா பினாங்கில் என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். "புஷ்பத்தோட மூஞ்சிய ஒரு வாட்டி பாத்துட்டேன்னா போதும்டா சவரி. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். வேறு எதையும் அவள் வாழ்நாளில் கேட்டதும் இல்லை. அதனால்தான் கிளம்பினேன்.

முதல் நாளே சகுனம் சரியில்லை. சென்னையிலிருந்து ஏறிய பஸ் காலாப்பட்டு வந்ததும் புகையைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. கண்டக்டர் இறங்கிப் போய் டீ குடித்தார். டிரைவர் இறங்கிப் போய் போனில் யாரையோ திட்டினார். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கி நடந்து போய்விட்டார்கள். வெயிலில் மிஞ்சியது நானும், காலி மீன் கூடையோடு ஒரு அம்மாளும்தான். பினாங்கில் பஸ் நின்றால் மறு பஸ் வரும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே நாம்தான் பஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"எங்க போற?" என்றாள் அந்த அம்மாள். சொன்னேன். அடைப்பு மடம் என்றால் என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்தவ சாகக் கெடக்கறான்னா ஜெயில்லேந்துகூட பரோல்ல உடறானே. உங்க அக்கா என்னா தப்பு பண்ணிச்சி?"

"ஒண்ணும் பண்ணல. தானாத்தான் போனா."

"தானா போச்சா!" என்று வாயில் கை வைத்தாள். "எங்க ஊட்டுப் பொண்ணு வீராம்பட்டினத்துல வாக்கப்பட்டிருக்கு. மாமியாகாரி பேய். அப்பிடியும் மாசி மகத்துக்கு வந்து நிக்குதே."

இருபது வருஷத்துக்கு மேலாக நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் ஒரு டெம்போ வந்தது. உட்கார இடமிருந்ததோ இல்லையோ, ஏறிக்கொண்டோம். பாதி உடம்பு வண்டிக்குள்ளும் பாதி வெளியிலுமாக நான் பாண்டிக்குள் நுழைந்தேன்.

தங்கியது முதலியார்பேட்டையில். பிறந்து வளர்ந்த இடம். அப்பா மில்லில் நூல் பிரிவில் இருந்தார். மில்லை மூடினார்கள், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், நான் கட்டட வேலைக்கு மலேசியா போனேன். பிறகு அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். அக்கா அதற்கு முன்பே, காலேஜ் முடித்த கையோடு மடத்துக்குப் போய்விட்டாள். யாரும் தள்ளிவிடவில்லை, யாரும் நேர்ந்துவிடவில்லை. அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு டீச்சர் வேலைக்குப் போடி, கல்யாணம்கூட வேணாம், கண்ணு முன்னால இரு" என்றாள். அக்கா காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனாள். அந்தக் காட்சிக்காக அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை இட்லியும் வடைகறியும் தின்றுவிட்டு மடத்துக்கு நடந்தேன். வடைகறி நன்றாக இருந்தது. அன்று நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

மடத்தின் வெளிச்சுவர் இரண்டு ஆள் உயரம். உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் கிடையாது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அந்தச் சுவருக்கு முன்னால், கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடியை நிறுத்தி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், சாரோட நெஞ்சுல சாஞ்சுக்குங்க" என்றார் படம் எடுப்பவர். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மஞ்சள் மஞ்சள்தானே. நான் அவர்களைத் தாண்டிப் போய் மணிக்கயிற்றை இழுத்தேன்.

உள்ளே ஒரு சின்ன அறை. சுவரில் பீப்பாய் மாதிரி ஒரு மரப் பெட்டி, சுழல்வது. வெளியே இருப்பவர் பொருளை வைத்துச் சுற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். கையும் தெரியாது, முகமும் தெரியாது. பக்கத்தில் பர்லுவார். சொந்தக்காரர்கள் வந்தால் பேசுகிற அறைக்குப் பாண்டியில் அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மடத்துத் தலைவிக்கும் 'மேர்' என்றுதான் பெயர்.

வெளிவேலை பார்க்க, கடைகண்ணிக்குப் போக, வந்தவர்களிடம் பேச என்று ஒரே ஒரு சிஸ்டர் இருக்கிறார். சிஸ்டர் பிலோமின். குண்டான, கலகலப்பான மனுஷி. நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அப்புறம் அதே வேகத்தில் வாடியது.

"ஐயோ தம்பி, தபசு காலமாச்சே!"

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை பர்லுவார் மூடல். அப்பன் வந்தாலும் ஆத்தாள் வந்தாலும் பேச்சு கிடையாது. இந்த ஊர்க் கோவிலில் அங்கி மாட்டிப் பூசைக்கு உதவி செய்தவன் நான். விமானம் ஏறுமுன் ஈஸ்டர் எப்போது என்று ஒருமுறை பார்த்திருக்கக் கூடாதா? வேதத்தை விட்டு விலகியவனுக்கு இப்படித்தான் ஆகும் என்று எங்கள் பழைய பங்குச் சாமியார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"எங்க அம்மா ஈஸ்டர் வரைக்கும் இருக்க மாட்டாங்க சிஸ்டர்" என்றேன்.

"மேர்கிட்ட சொல்லிப் பாக்கறேன். ஆனா இது வரைக்கும் யாருக்கும் விட்டதில்ல தம்பி. போன வருஷம் உள்ள ஒரு சிஸ்டரோட அப்பா செத்தாரு. அவங்களும் போகல. யாரும் வந்து பாக்கவும் இல்ல."

இதைப் பெருமை மாதிரி சொன்னார். எரிச்சலில் அண்ணாந்து பார்த்தேன். கூரை உத்திரத்தில் நீர்க்கறை, அதன் ஓரமாகக் கரையான் மண் ஓடியிருந்தது. "சட்டத்த எல்லாம் பத்திரமா காப்பாத்தறீங்க, கூரையக் காப்பாத்தக் காணோம். அடுத்த மழைக்கு இது யார் தலையிலயாவது விழும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். கட்டடம்தான் என் பிழைப்பு, பினாங்கில் பழைய வீடுகளைச் செப்பனிடுகிறேன் என்று சொன்னேன்.

"கோவிலயாச்சும் பாத்துட்டுப் போங்க" என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

சொல்லத்தான் வேண்டும், கட்டியவன் கெட்டிக்காரன். கோவில் நேர்கோட்டில் இல்லை, முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. மடங்கும் இடத்தில் பீடம். ஒரு கையில் ஊர் சனம், மறு கையில் கன்னியாஸ்திரிகள். இருவருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கு ஒருவர் தெரியாது. போதாததற்கு நடுவில் இரும்புக் கம்பி, கம்பியில் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள். அந்தப் பக்கம் கறுப்புத் திரை. தங்கள் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் திரட்டி, ஒரே கூரையின் கீழ் மனிதரை மனிதர் பார்க்க முடியாத ஒரு கட்டடத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

ஊர் சனம் நிற்கிற பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு பக்கச் சுவரிலும், எதிரும் புதிருமாக, தரையிலிருந்து மார்பு உயரம் வரை பூச்சு வேறு நிறம். தரையிலும் அதே நேர்கோட்டில் கல் மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஒரு குறுக்குச் சுவர் இருந்து இடிபட்டிருக்கிறது என்று கட்டட வேலைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எதற்குச் சுவர் என்று இந்த ஊர்க்காரனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்னால், எங்கள் சனம் பின்னால். பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூடக் கடைசியில்தான் போக வேண்டும். என் தாத்தா காலத்து ஆட்கள் அடிபட்டு, பூசையை விட்டுத் தெருவில் நின்று, அப்படித்தான் இந்த மாதிரிச் சுவர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இந்த மடத்திலும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரிகள் தனி, தமிழச்சிகள் தனி. தமிழச்சிகளிலும் பாட்டுப் பாடிச் செபிக்க ஒரு சாதி, பாத்திரம் விளக்க ஒரு சாதி என்று இருந்ததாம். சிஸ்டர் பிலோமினே சொன்னார். "இப்ப அதெல்லாம் இல்ல, உங்க அக்காவே வந்துட்டாங்களே" என்றார்.

அதுதானே என் வயிற்றெரிச்சல். ஒரு சுவரை இடிக்கத் தாத்தா அடி வாங்கினார். பேத்தி இன்னொரு சுவருக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாலைச் செபம் வரை அங்கேயே இருந்தேன். திரைக்குப் பின்னால் பைபிள் சங்கீதங்களைப் பாடினார்கள், ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே சுருதியில். சின்ன வயதில் அக்கா பாடினால் தெருவே நிற்கும். அந்தக் குரலைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு குரல்கூடத் தனியாகத் தெரியவில்லை. வெளியே வந்தவன் நேராகப் போய், கறி தொடக் கூடாத தபசுக் கால வெள்ளிக்கிழமை என்று தெரிந்தே மட்டன் பிரியாணி தின்றேன். வீம்புக்குத் தின்ற சோறு, பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் காலை சிஸ்டர் பிலோமினிடமிருந்து போன். நான் துள்ளி எழுந்தேன்.

"மேர் கேக்கறாங்க தம்பி. உள்ள ரெண்டு மூணு எடத்துல விரிசல் விட்டுருக்கு. எங்க கொத்தனாரு கால ஒடச்சிக்கிட்டு கெடக்கறாரு. நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்வீங்களா?"

"உள்ள விடுவீங்களா? தபசு காலமாச்சே?"

"வேலைக்கு வர்றவங்களுக்குத் தபசு கிடையாது தம்பி."

போனை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தம்பிக்கு மூடிய கதவு கொத்தனாருக்குத் திறக்கும். சரி, எந்த வேஷமானால் என்ன? உள்ளே போனால் எங்காவது ஒரு மூலையில் அக்கா கண்ணில் படாமலா போவாள்? போனில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வெளியே, ஒரு சாவி உள்ளே. இரண்டு பக்கமும் திறந்தால்தான் திறக்கும். திறந்ததும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவரும் தலையிலிருந்து மார்புவரை கறுப்பு முகத்திரை போட்டிருந்தார்கள். ஒருவர் மேர். குரலை வைத்து வயதானவர் என்று தெரிந்தது. இன்னொருவர் கையில் பூசை மணி மாதிரி ஒரு மணி.

"வாங்க தம்பி. ஆம்பளைங்க உள்ள வந்தா மணி அடிச்சிக்கிட்டு முன்னால போறது எங்க வழக்கம். கேட்டா மத்தவங்க ஒதுங்கிக்குவாங்க. தப்பா நினைக்காதீங்க. விரிசல மட்டும் படம் எடுத்துக்குங்க" என்றார் மேர்.

அக்காவைப் பற்றிக் கேட்டேன். "உங்க வீட்டு விஷயம் எல்லாம் அவங்களுக்குச் சொல்லியாச்சு" என்றார். மணி அடிக்க ஆரம்பித்தது.

உள்ளே அழகு என்றால் அப்படி ஒரு அழகு. வெளியில் ஜன்னலே இல்லாத வீடு, உள்ளே முற்றத்தைப் பார்த்து நூறு கண் திறந்து வைத்திருக்கிறது. நாலு பக்கமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், வழவழவென்று சுண்ணாம்புத் தூண்கள், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்தி நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. பினாங்கில் இப்படி ஒரு கட்டடம் கிடைத்தால் நான் சோறு தண்ணி இல்லாமல் வேலை பார்ப்பேன். ஆனால் என் கண் தூணிலா நின்றது? ஆளைத் தேடியது.

ஆள்தான் இல்லை. மணிச் சத்தம் போகப் போக, முன்னால் கதவுகள் சாத்திக்கொள்ளும் சத்தம். தாழ்வாரத்தில் ஒரு முறம், பாதி ஆய்ந்த முருங்கைக்கீரை. ஒரு அறையில் தையல் மெஷினின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எழுந்து ஓடியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி அக்காவாக இருக்கும். பெரியம்மை வந்தவனைக் கண்டு ஊர் ஒதுங்குகிற மாதிரி என் கூடப் பிறந்தவள் எனக்குப் பயந்து ஒளிகிறாள்! அடுப்படியைத் தாண்டும்போது பால் பொங்கியது. "பால் பொங்குது, பால் பொங்குது!" என்று நான் கத்தினேன். மணிக்கார சிஸ்டர் மணியைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். மேர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சுவரில்தான் பெரிய விரிசல். வரிசையாக மரச் சிலுவைகள். அடுத்த குழிக்கு அளவெடுத்த மாதிரி ஒரு பக்கம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க அக்காவுக்கும் இங்கதான் எடம் பாத்து வெச்சிருக்கீங்களா?"

"எனக்கும் இங்கதான் தம்பி" என்றார் மேர்.

"உங்களுக்கு அம்மா இல்ல, அவளுக்கு இருக்காங்க. கண்ணத் தொறந்து வெச்சிக்கிட்டுக் கெடக்கறாங்க. அவளுக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருந்தா இந்நேரம் இந்தக் கதவ ஒடச்சிக்கிட்டு வந்திருப்பா. இங்க வந்து எல்லாம் கல்லாப் போச்சி."

மணி மட்டும் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஆளே இல்லாத தோட்டத்தில் எதற்கு மணி? "அத கொஞ்சம் நிறுத்தறீங்களா? காதைக் குடையுது" என்றேன். மணி நின்றது. நான் சுவரைப் படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். மணிக்கார சிஸ்டர் விரிசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "ஓரமா நில்லுங்கம்மா, படத்துல விழறீங்க" என்றேன். அவர் ஓரமாக நகர்ந்தார். இன்னொரு இடத்திலும் அப்படித்தான் வந்து நின்றார், அங்கேயும் நகரச் சொன்னேன். உத்திரத்தை மாற்ற வேண்டும், அஸ்திவாரம் இறங்கவில்லை, சிமென்ட் பூசாதீர்கள், சுண்ணாம்பே பூசுங்கள் என்று மேரிடம் சொன்னேன். கும்பிட்டார்கள். இரண்டு பூட்டும் என் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டன.

சிஸ்டர் பிலோமின் காபியோடு காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சந்தோஷமா தம்பி? அக்கா கூடவே நடந்தீங்களே!"

"யாரு?"

"மணி அடிச்சிக்கிட்டு முன்னால போனாங்களே, அவங்கதான? உங்களுக்குத் தெரியலியா?" சிரிப்பு அணைந்துபோனது. "மேர் அனுமதியே குடுத்துட்டாங்க தம்பி. தெரையத் தூக்கிட்டு பேசலாம், போன்ல அம்மாவப் பாக்கலாம்னே சொன்னாங்க. அக்காதான் வேணாம்னுட்டாங்க. போன வருஷம் அப்பா செத்தாரே, அந்த சிஸ்டருக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னாங்க. மணிய நான் பிடிச்சிக்கறேன், அது மட்டும் போதும்னாங்க. தெரைக்குள்ளேந்து பாத்தா எல்லாம் நல்லாத் தெரியும் தம்பி. உங்கள நல்லா பாத்திருப்பாங்க."

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கதவைப் போய்த் தட்டினேன். இன்னும் ஒரு விரிசல் பார்க்க வேண்டும், மறந்துவிட்டேன், ஒரே நிமிஷம் என்று பொய் சொன்னேன். உள்ளே சாவி இருப்பவர்கள் செபத்துக்குப் போய்விட்டார்கள் என்று சிஸ்டர் பிலோமின் என் தோளைத் தொட்டுச் சொன்னார். வந்த நாளிலிருந்து சுவரையும் சட்டத்தையும் பிரெஞ்சுக்காரனையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லோரும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சாத்தியவள் அவள். சாத்திவிட்டு, என் முன்னாலேயே நடந்திருக்கிறாள். அவளை வெறுப்பதா, என்னை வெறுப்பதா என்று தெரியாமல் தெருவில் நின்றேன்.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா வீடியோவில் அழைத்தாள். அங்கே கட்டில் பக்கத்தில் என் மனைவி போனைப் பிடித்திருந்தாள். தலையணையில் அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது.

"பாத்தியாடா?"

"அவ என்னப் பாத்தாம்மா."

"நல்லா இருக்காளா?"

"நல்லா ஓடறா. பால் பொங்கிச்சி, ஓடிப்போய் அணைச்சா."

அம்மாவின் கண் நிறைந்தது. கையை மெதுவாகத் தூக்கினாள். "படம் எடுத்தியா சவரி? காட்டு."

போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சுவர், உத்திரம், விரிசல், மறுபடியும் விரிசல். ஒன்றிலும் அவள் அங்கியின் ஓரம்கூட இல்லை.

"காட்டுடா."

"இல்லம்மா" என்றேன். "ஓரமா நிக்கச் சொல்லிட்டேன்."